எதிர்விளிம்பு

மாத்திரை டப்பாவில் கொண்டுவருவார்கள்,
குழந்தையின் காலுறையில் முடிந்து,
ஒருவர் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துக்கூட.
எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்:
"இது தப்பாக அச்சானது, பாருங்களேன்."

டுலுத் நகரத்தில்
வேக்குவம் கிளீனர் பழுதுபார்க்கும் கடையின் பின்னறை.
ஒரு தராசு, ஒரு விளக்கு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ்.
காசுக்கு ஐந்து டாலர்.
கெட்ட செய்திக்கும் அதே கட்டணம்.

காசிடம் நான் கேட்பது ஒன்றுதான்:
பிறக்கும்போதா, பிறந்த பிறகா?
புடைத்து நிற்கும் கோடு அச்சில் விழுந்த விரிசல்.
பள்ளமான கோடு சாவிக்கொத்தின் வேலை.
எழுத்து மறைந்திருந்தால் அதன் அக்கம்பக்கம் பார்ப்பேன்.
அச்சில் அடைந்த எண்ணெய்ப்பிசுக்கு
எழுத்தை விழுங்கினாலும் மினுக்கத்தை விட்டுவைக்கும்;
சாணைக்கல் எதையும் விட்டுவைக்காது.
கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்மாறி
ஒரு முகம் குழிந்து பதிந்திருந்தால்,
யாரோ சலித்துப்போன மாலையில்
இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில் வைத்து நெரித்திருக்கிறார்கள்.

இரும்புத்தாது ரயில் நசுக்கியது மாதம் ஒன்றாவது வரும்.
கொண்டுவருகிறவருக்கு
ரயில் என்று தெரியும்.
இருந்தாலும் கொண்டுவருவார்.

மார்ச்சில், ஏரியின் பனி உடைகிற வாரம்
சிக்னே ஹால்வர்சன் வந்தாள்.
சலவையகங்களில் துணி உலர்த்தும் இயந்திரங்களைச் சரிசெய்பவள்.
சட்டைப்பையிலிருந்து
மடித்த டிஷ்யூ, அதற்குள் இன்னொரு டிஷ்யூ, அதற்குள்
ஒரு கால் டாலர்.
விளிம்பு சுற்றிலும் உள்நோக்கிச் சுருண்டு
எழுத்துகளின் தலையை மூடியிருந்தது,
சின்னத் தட்டுபோல.
மைத்துனன் சொன்னானாம், மூவாயிரம் போகுமென்று.
கடைவாய்ப் பல்லுக்கு உறை போட
ஆயிரத்து நானூறு கேட்கிறார்களாம்.

எங்கே கிடைத்தது, என்றேன்.
"டிரம்முக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில்.
பதினெட்டு வருஷ மெஷின், நான்தான் கழற்றி..."
நிறுத்தினாள்.
தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த முகம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே பனிவாரும் வண்டி ஒன்று போனது.
நல்லவேளை, வெகுநேரம் போனது.

"எத்தனை சுற்று இருக்கும்?" அவளே கேட்டாள்.
"நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு," அவளே சொன்னாள்.
யாரோ ஒருவருடைய ஜீன்ஸ் பையிலிருந்து நழுவி
பதினெட்டு வருடம் வெந்நீர் மணக்கும் இருட்டில்
உருண்டு உருண்டு
தன் விளிம்பைத் தானே மடித்துக்கொண்ட காசு.
செல்லாக்காசு இல்லை, கால் டாலருக்குச் செல்லும்.
அதைச் சொன்னேன். சிரித்தாள், அந்தப் பல்லை மறைத்து.

கட்டணத்தைச் சில்லறையில் எண்ணினாள்,
மேஜைமேல் நான்கு நான்காக.
பதினேழாவதைப் பார்த்தேன்.

ஓரத்தில் பிறைபோல் ஒரு கடி.
அதற்கு நேர் எதிரே
விளிம்பு மெலிந்து, கரைந்து, இல்லாமலே போயிருந்தது.
தகடு வெட்டும்போதே விழுந்த குறை.
இந்தப் பக்கம் இடைவெளி இருந்ததால்
விளிம்பை எழுப்பும் இயந்திரத்துக்கு
அந்தப் பக்கம் அழுத்தப் பிடி கிடைக்கவில்லை.
அரம் பிடித்தவனுக்குக் கடிக்கத் தெரியும்;
எதிர்ப்பக்கத்தை மெலியவைக்க வராது.

மிஞ்சிப்போனால் இருபது டாலர் பெறும்.
பத்தொன்பது டாலர் எழுபத்தைந்து சென்ட் லாபம்.
நாணயத்தைத் தேர்வு செய்கிறவளுக்கு
என்ன தேர்வு வருகிறது பாருங்கள்.

சொல்லிவிட்டேன்.
லென்ஸை அவள் பக்கம் திருப்பினேன்.
குனியவே இல்லை.
"யாரோ வெட்டியிருக்கிறார்கள். நாய்கூடக் கடித்திருக்கும்."
இல்லை, இது பிறவியிலேயே, என்றேன்.
"என்னுடையதையும் நான் அப்படித்தான் சொன்னேன்"
என்று அதை எடுத்துக்கொண்டு
வேறொன்றை வைத்தாள்.

உருண்டதை டிஷ்யூவில் சுற்றி, மறுபடி சுற்றி,
சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானிட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
அவள் வேன் நின்ற இடத்தில் பார்க்கிங் மீட்டர் சிவப்பு காட்டியது.
கையிலிருந்ததைப் போட்டாள். துப்பியது.
மறுபடி போட்டாள். துப்பியது.
கையுறையைக் கழற்றி,
காசைத் தொடையில் தேய்த்து,
மீட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள்.
பதினைந்து நிமிடம் என்று பச்சை எரிந்தது.

பிறகு அவள் உடனே கிளம்பிவிடவில்லை.
வேனுக்குள் உட்கார்ந்து
வாங்கிய நேரம் முழுவதும்
காபி குடித்தாள்.